இலக்கியக் கட்டுரைக்கு எந்த மொழி? ஒரே பாடலில் ஐந்து நடைகளை உரசிப் பார்ப்போம்

இலக்கியக் கட்டுரை எழுத உட்காருகிறவர்களுக்குக் கருத்துப் பஞ்சம் இருப்பது அபூர்வம். பாடலைப் படித்தாயிற்று, பிடித்தும் இருக்கிறது, எதையோ கண்டுகொண்ட உணர்வும் இருக்கிறது. தாளில் இறங்கும்போதுதான் அது ‘கவிஞர் மிக அழகாக எடுத்துரைக்கிறார்’ என்று சுருங்கிவிடுகிறது. ‘ஆய்வு போதாது’ என்று குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தால், அடுத்த கட்டுரையில் படிமம், தொன்மம், இறைச்சி, கட்டுடைப்பு என்று கலைச்சொற்கள் குவிகின்றன. அப்போதும் அதே குறிப்புதான் திரும்பி வருகிறது.

முதுகலை மாணவர்களும், ஆய்வேட்டின் முதல் இயலில் நிற்பவர்களும், இதழுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கியவர்களும் அடிக்கடி கேட்பது இதைத்தான்: உரையாசிரியர்களின் மொழியில் எழுதுவதா, நவீனக் கோட்பாட்டு மொழியில் எழுதுவதா, எளிய தமிழில் எழுதினால் கட்டுரை மெலிந்துவிடுமா? கையில் இருக்கும் வழிகள் ஐந்து: பொழிப்பு, நயம் பாராட்டல், உரைமரபு, கோட்பாடு, வினைமொழி. ஐந்தையும் ஒரே பாடலின் மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

விரல் வைக்க முடிகிறதா? நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படித்தவர் ‘பாடலில் எங்கே?’ என்று கேட்டால், ஒரு சொல்லின் மேலோ ஓர் உருபின் மேலோ விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

மறுக்க முடிகிறதா? ‘இப்பாடல் காதலின் ஆழத்தை உணர்த்துகிறது’ என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க எதுவும் இல்லாத வாக்கியத்தில் சொல்லவும் எதுவும் இல்லை. வேறொருவர் ‘இல்லை, நான் வேறு மாதிரி படிக்கிறேன்’ என்று சொல்ல இடம் இருந்தால்தான் அது வாதம்.

யார் பேசுவது என்று பிரிக்கிறதா? கவிஞர் வேறு, தலைவி வேறு, பாடல் வேறு. புனைகதையில் ஆசிரியர் வேறு, கதைசொல்லி வேறு, பாத்திரம் வேறு. இந்தக் கோடு அழிந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து சரிகிறது.

என்ன விலை? கற்றுக்கொள்ளும் காலம், தாளில் பிடிக்கும் இடம், தவறினால் வரும் சேதம் மூன்றும் சேர்ந்தது இது. பெரும்பாலோர் பார்க்காமல் விடுவதும் இதுவே.

## உரைகல்

குறுந்தொகையின் 25ஆம் பாடல். குறிஞ்சித் திணை; பாடியவர் கபிலர். திருமணம் தள்ளிப்போகும் வேளையில் தலைவி தோழியிடம் சொல்வது.

> யாரும் இல்லைத் தானே கள்வன்
> தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
> தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
> ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
> குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

ஐந்தே அடி, 19 சீர். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீராகக் குறுகும் நேரிசை ஆசிரியப்பா. கட்டுரைக்குப் பழக இதைவிட நல்ல பாடல் கிடைப்பது அரிது. பெரிய உவமைகளோ புராணச் செய்திகளோ குறுக்கே நின்று கண்ணை மறைப்பதில்லை. உருபுகளும் இடைச்சொற்களும் நேரடியாக வேலை செய்கின்றன.

## 1. பொழிப்பு மொழி

*‘அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. அவன் மட்டுமே இருந்தான். தான் தந்த வாக்குறுதியை அவன் மீறினால் நான் என்ன செய்வேன் என்று தலைவி வருந்துகிறாள். தினையின் தாள் போன்ற கால்களை உடைய நாரை ஒன்று மட்டும் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது என்கிறாள்.’*

பிழை இல்லை. ஆய்வும் இல்லை. ஆனாலும் இதை முற்றாக ஒதுக்க வேண்டாம். வாசகருக்குத் தெரியாத பாடல், வழக்கொழிந்த சொற்கள் நிறைந்த பகுதி, பதிப்புக்குப் பதிப்பு பாடவேறுபாடு உள்ள இடம் ஆகியவற்றில் பொழிப்பு இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. ஐந்து பக்கக் கட்டுரையில் அரைப்பக்கம் இதற்குப் போனால் தவறில்லை.

மறைந்திருக்கும் செலவு வேறோர் இடத்தில் இருக்கிறது. பொழிப்பு எழுதும்போதே நீங்கள் பொருளை முடிவு செய்துவிடுகிறீர்கள், அதை யாரிடமும் அறிவிக்காமல். மேலே ‘தான் தந்த வாக்குறுதி’ என்று எழுதியிருக்கிறது. பாடலில் இருப்பது ‘அது’ என்ற ஒற்றைச் சுட்டு. என்ன சொன்னான், எந்தச் சொல்லால் சொன்னான் என்பதைத் தலைவி தோழியிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. கட்டுரைக்கு மிகவும் தேவையான அந்த இடத்தைப் பொழிப்பு பூசி மெழுகிவிட்டது. பொழிப்பை எழுதி முடித்ததும் மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப் பாருங்கள். நீங்கள் கூட்டிய சொற்களின் அடியில் கோடிடுங்கள். ஆய்வு தொடங்க வேண்டிய இடங்கள் அவையே.

## 2. நயம் பாராட்டும் மொழி

*‘கபிலர் தலைவியின் மனநிலையைப் படம்பிடித்துக் காட்டுகிறார். தினைத்தாளை நாரையின் காலுக்கு உவமையாக்கிய நயம் எண்ணி எண்ணி இன்புறத்தக்கது என்றால் மிகையாகாது.’*

மேல்நிலைப் பள்ளியின் ‘இலக்கிய நயம் பாராட்டுக’ வினாவிலிருந்து வரும் பழக்கம் இது. திரண்ட கருத்து, மோனை, எதுகை, அணி, சந்தம் என்று தலைப்பிட்டு எழுதிப் பழகிய கை கல்லூரிக்கு வந்த பிறகும் அதே தடத்தில் ஓடுகிறது. அந்த வினாவுக்கு அந்த மொழிதான் சரி. அங்கே போய்ப் புதிய வாசிப்பு நிகழ்த்தினால் விடைக்குறிப்போடு பொருந்தாது. நூல் அறிமுகக் கூட்டத்திலும் இரங்கல் உரையிலும் இதற்கு இடம் உண்டு. மனம் நெகிழ்ந்ததைச் சொல்வதில் குற்றம் ஏதும் இல்லை.

ஆய்வுக் கட்டுரையில் இது ஏன் சறுக்குகிறது என்றால், ‘அழகு’ என்ற சொல் உங்கள் அனுபவத்தின் முடிவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. ‘மோனை வந்துள்ளது’ என்பதும் அப்படியே. முதல் அடியின் மூன்றாம் சீர் ‘தானே’. இரண்டாம் அடி ‘தானது’ என்று தொடங்குகிறது. குற்றம் சாட்டும் ‘தான்’, ஐயப்படும் ‘தான்’ இரண்டும் ஒரே ஒலியில் அடுத்தடுத்து வருகின்றன. அவனைக் கள்வன் என்று சொன்ன வாய் மூச்சு விடுவதற்குள் ‘பொய்ப்பின்’ என்று நிபந்தனைக்கு இறங்கிவிடுகிறது. ஒலி என்ன செய்தது என்று சொன்ன மாத்திரத்தில் பாராட்டு ஆய்வாகிவிடுகிறது.

## 3. உரைமரபு மொழி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தொல்காப்பியத்திலும் பழைய உரைகளிலும், தமிழில் இலக்கிய ஆய்வுக்கென்றே வளர்ந்த சொற்கூட்டம் இது. இதற்கு ஈடான நுட்பம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. கூற்று, கேட்போர், களன், மெய்ப்பாடு, முன்னம், எச்சம், உள்ளுறை, இறைச்சி ஒவ்வொன்றும் பாடலிடம் ஒரு கேள்வி கேட்கிறது. யார் சொன்னது, யாரிடம், எங்கே, எந்த உணர்ச்சியோடு, சொல்லாமல் விட்டது எது?

இடைச்சொற்களுக்கு இந்த மொழி தரும் கூர்மையைப் பாருங்கள். ஏகாரத்துக்கு, அதாவது சொல்லோடு சேரும் ‘ஏ’ என்னும் இடைச்சொல்லுக்கு, தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. உம்மைக்கு, அதாவது ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்கு, எட்டு: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். இப்போது பாடலுக்கு வாருங்கள்.

‘யாரும் இல்லை’ என்பதில் உள்ளது முற்றும்மை, ஒருவரும் விடுபடவில்லை. ‘தானே’ என்பதன் ஏகாரம் பிரிநிலை. அவன் ஒருவனைத் தனியே பிரித்து நிறுத்துகிறது. அப்புறம் கடைசி அடியில் ‘குருகும் உண்டு’ என்கிறாள். இந்த உம்மை எது? எச்சம் என்று கொண்டால் ‘அவனோடு குருகும் இருந்தது’ என்று ஒரு கணக்குக் கூடுகிறது. இழிவு சிறப்பு என்று கொண்டால் ‘ஒரு நாரையாவது இருந்ததே’ என்று பொருள் மாறுகிறது. முதல் வாசிப்பில் தலைவி நடந்ததை விடாமல் சொல்கிறாள். இரண்டாவதில் கைக்குக் கிடைத்த துரும்பைப் பற்றுகிறாள். ஓர் உம்மையின் மேல் இரண்டு கட்டுரைகள் எழுதலாம். எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று சொன்னால் போதும்.

இதே மொழி எங்கே கெடுகிறது? சொல்லை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடும்போது. நாரையும் ஆரலும் மருதத்துக்கோ நெய்தலுக்கோ உரியவை, பாடலோ குறிஞ்சி. ஆகவே ‘இங்குத் திணைமயக்கம் (ஒரு நிலத்துக்குரியது வேறு நிலத்தில் வருவது) அமைந்துள்ளது’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பார்கள். மயங்கியதால் பாடலுக்கு நேர்ந்தது என்ன? எந்த நிலத்துப் பூவும் புள்ளும் தாம் வந்து சேர்ந்த நிலத்தின் பயனைத் தரும் என்று தொல்காப்பியமே அடுத்த படியைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, நீர்க்கரைப் பறவையின் காலைத் தினைத்தாளோடு ஒப்பிட்டுக் குறிஞ்சிக்குள் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று கேளுங்கள். அந்தத் தினையைத் தினம் பார்த்து வளர்ந்த தலைவிதான். குருகின் காலை இவ்வளவு நெருங்கி நோக்கிய கண் அவளுடையது. அந்த நாளில் குருகு அவளைப் பார்க்கவில்லை. அவள் குருகைப் பார்த்திருக்கிறாள்.

இறைச்சிக்கும் உள்ளுறைக்கும் இடையில் தடுமாறுவோர் பலர். உள்ளுறை உவமம் என்றால் கருப்பொருட் காட்சியின் ஒவ்வொரு கூறும் சொல்ல வந்த பொருளின் கூறோடு பொருந்தி முடிய வேண்டும்: குருகு அவன், ஆரல் அவள், ஒழுகுநீர் நில்லாமல் போகும் காலம் என்பது போல. இறைச்சி பொருளுக்குப் புறத்தே நின்று குறிப்பாக விரிவது. கூறுக்குக் கூறு பொருத்தம் தேவையில்லை. பொருத்திக் காட்ட முடியாவிட்டால் உள்ளுறை என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லில் தவறினால் மொத்தக் கட்டுரையின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

விலையும் அதிகம்தான். சொல்லதிகாரத்தின் இடையியலையும் பொருளதிகாரத்தையும் உரையோடு படித்துப் பழக ஒரு பருவமாவது வேண்டும். தமிழ்த்துறைக்கு வெளியே உள்ள வாசகர் இரண்டாம் பத்தியிலேயே கட்டுரையை மூடிவிடுவார். இன்னொன்று: ‘என்பதாயிற்று’, ‘என்றவாறு’, ‘என்க’ ஆகிய முடிபுகளை இரவல் வாங்காதீர்கள். உரையாசிரியரின் கூர்மை அவற்றில் இல்லை. அவை அன்றைய வாக்கிய முடிவுகள், அவ்வளவே.

## 4. கோட்பாட்டு மொழி

*‘தந்தைவழிச் சமூகத்தில் பெண்ணின் குரல் ஒடுக்கப்படுவதை இப்பிரதி கட்டுடைக்கிறது.’*

இதில் பாடல் எண்ணை மாற்றிப் பாருங்கள். குறுந்தொகையில் வேறு எந்தத் தலைவி கூற்றுக்கும் இது பொருந்தும். ஒரு நாவலுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற வாக்கியம் இந்தப் பாடலைப் பற்றிப் பேசவில்லை. கோட்பாட்டு மொழிக்கு வைக்க வேண்டிய முதல் சோதனை இந்த எண் மாற்றம்.

ஆனால் கோட்பாட்டின் மேல் பழி போடுவது நியாயமில்லை. பெண்ணியம் உண்மையில் கேட்கும் கேள்வியைக் கொண்டுவந்து வையுங்கள்: யாருடைய சொல் செல்லும்? இப்பாடலில் இருக்கும் ஒரே மனித சாட்சி அவன். குற்றம் சாட்டப்படுகிறவனும் அவன். அவன் இல்லை என்று சொல்லிவிட்டால், நடந்தது நடக்கவே இல்லை. அவள் அங்கே இருந்தாள், அவளுக்குத் தெரியும். ஆனால் ‘யாரும் இல்லை’ என்று எண்ணும்போது அவள் தன்னையே சாட்சியாக எண்ணவில்லை. இதை உரைமரபு மொழி தானாகக் கேட்காது. கோட்பாடு கண்ணாடியைப் போல. போட்டுக்கொண்டதும் புதிதாக ஒன்று தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

மறைச்செலவுகள் இங்கேதான் மிகுதி. ஒரே கருத்துக்குத் தமிழில் இரண்டு மூன்று சொற்கள் உலவுகின்றன: deconstruction என்பதற்குக் கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு; text என்பதற்குப் பிரதி, பனுவல். ‘பிரதி’ என்றால் நகல் என்று படிப்பவரும் இருக்கிறார்கள். ஆகவே எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறீர்கள் என்று மூன்று நான்கு வாக்கியமாவது செலவழித்து வரையறுக்க வேண்டியிருக்கிறது. ஐந்து பக்கக் கட்டுரை அப்படி ஒரு கருத்தைத்தான் தாங்கும். இரண்டு கோட்பாடுகளை இழுத்தால் வரையறை இடத்தைத் தின்றுவிட்டுப் பாடலுக்கு ஒரு பத்திதான் மிஞ்சும். கட்டுடைப்பு என்பது ஒரு நூல் தன் சொற்களுக்குள்ளேயே தன்னோடு முரண்படும் இடங்களைக் காட்டும் வாசிப்பு; ‘கட்டுடைக்கிறது’ என்பதை ‘எதிர்க்கிறது’, ‘உடைத்தெறிகிறது’ என்ற பொருளில் எழுதுவதும் பரவலாக நடக்கிறது. துறை அறிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுவே.

## 5. வினைமொழி

தனிப்பெயர் இல்லாத நடை இது. வசதிக்காக வினைமொழி என்கிறேன். கலைச்சொல்லின் மேல் பாரத்தை ஏற்றாமல், சரியான எழுவாயையும் கூர்மையான வினைச்சொல்லையும் நம்பி எழுதுவது. ஐந்தில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முதலில் எழுவாய். ‘கபிலர் தன் நிலையை எண்ணி வருந்துகிறார்’ என்று எழுதிய தாள்கள் ஏராளம். அகப்பாடலில் பேசுவது தலைவி. கபிலர் அவளைப் பேசவைக்கிறார், சொற்களை அடுக்குகிறார், ஈற்றயலடியைக் குறைக்கிறார். ‘தலைவி ஐயுறுகிறாள்’, ‘பாடல் குருகை இறுதி வரை ஒளித்து வைக்கிறது’, ‘கபிலர் அதை ஈற்றடியில் கொண்டுவருகிறார்’ என்று மூன்று எழுவாய்க்கும் மூன்று வேலை. சிறுகதையானாலும் இதே ஒழுங்கு வேண்டும். ‘அவன் கடிதத்தைப் படித்தான். மடித்தான். நேரமாகிவிட்டது என்றான்’ என்று ஒரு கதையில் வந்தால், ‘அவன் சோகத்தில் மூழ்கினான்’ என்று எழுதக் கூடாது. அது பக்கத்தில் இல்லை. ‘கதைசொல்லி அவன் மனத்துக்குள் நுழைய மறுத்து, கையையும் வாயையும் மட்டும் காட்டுகிறார்’ என்று எழுதலாம்.

அடுத்தது வினை. அமைந்துள்ளது, காணப்படுகிறது, இடம்பெற்றுள்ளது, பயன்படுத்தப்பட்டுள்ளது ஆகிய நான்கும் கட்டுரையில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் தப்பித்திருக்கிறீர்கள். ‘குருகு என்னும் கருப்பொருள் இடம்பெற்றுள்ளது’ என்றால், இடம்பெற்று என்ன செய்கிறது?

வழக்கமான வினைகளுக்குள்ளேயும் எடை வேறு. சுட்டுகிறது என்றால் நேரே கை நீட்டுவது. சொல் பாடலில் இருக்க வேண்டும். உணர்த்துகிறது என்றால் சொல்லாமல் சொல்வது. எந்தக் குறிப்பு வழியாக என்று நீங்கள் காட்டியாக வேண்டும். வலியுறுத்துகிறது என்று எழுத மீட்டுச் சொல்லோ தேற்றமோ இருக்க வேண்டும். ‘தான்’ மூன்று முறை வருவதற்கு இது பொருந்தும், ஒரே முறை வரும் ‘யான்’ என்பதற்குப் பொருந்தாது. நிறுவுகிறது என்பது ஆய்வாளர் செய்வது, பாடல் செய்வது அரிது. இவை நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றி, சலிப்புத் தீரும் பொருட்டு எழுதுவதுதான் பெரும்பாலான கட்டுரைகள் தளர்வதற்குக் காரணம்.

இன்னும் கிட்டே போவோம். முதல் அடி ‘யாரும் இல்லை’. கடைசி அடி ‘குருகும் உண்டு’. இந்த நகர்வுக்கு என்ன வினை போடுவது?

- *முரண்படுகிறாள்* என்றால் அவள் பேச்சில் நிலை இல்லை, கலங்கியிருக்கிறாள் என்று வாதம் போகும்.
- *திருத்திக்கொள்கிறாள்* என்றால் உண்மை பேசுவதில் கவனம் உள்ளவள், சாட்சிக் கூண்டில் நிற்பவள் போல ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறாள் என்று ஆகும்.
- *பற்றிக்கொள்கிறாள்* என்றால் யாரும் இல்லாத இடத்தில் ஒரு நாரையையாவது பிடித்து நிறுத்துகிறாள்.
- *கைவிடுகிறாள்* என்றால், அந்த நாரையும் ஆரலைத்தானே பார்த்தது என்று கடைசி நம்பிக்கையையும் தானே தள்ளிவிடுகிறாள்.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தால் கட்டுரையின் போக்கே முடிவாகிவிடுகிறது. தேர்வுக்கு ஆதாரமும் பாடலிலேயே இருக்கிறது. ‘ஆரல் பார்த்த குருகு’ என்று சொல்லாமல் ‘பார்க்கும்’ என்கிறாள். ‘பார்த்த’ என்றால் அன்றைக்கு மட்டும் நடந்தது. ‘செய்யும்’ வாய்பாட்டுப் பெயரெச்சம் எப்போதும் உள்ள இயல்பையும் சொல்லும். மீனைப் பார்ப்பதே அதன் பிழைப்பு. என்றைக்கு நின்றிருந்தாலும் அது இவர்களைப் பார்த்திருக்காது. ஆகவே நான்காவது வினைக்கே வலு அதிகம் என்பது என் வாசிப்பு. ‘உண்டு’ என்பதன் உறுதியை முன்வைத்து மூன்றாவதை நிறுத்துகிறவர் என்னை மறுக்கலாம். மறுப்பதற்கு அவருக்கும் சொல் இருக்கிறது. அப்படி ஒரு சண்டைக்கு இடம் கொடுப்பதே நல்ல கட்டுரை மொழி.

இந்த நடைக்கும் செலவு உண்டு. பெரிதாகப் படிக்காமலே எழுதிவிடலாம் என்று தோற்றம் தரும். உண்மையில் ஒரு வாக்கியத்துக்கு நான்கு வினைகளை வைத்துப் பார்த்து மூன்றைத் தள்ளும் பொறுமை வேண்டும். கலைச்சொல் எண்ணி மதிப்பெண் போடுகிறவரிடம் இது எடுபடாமல் போகலாம். மேலும் ஒரு நூலின் வரலாறு, பல நூல்களின் ஒப்பீடு என்று அகலமான பொருளுக்கு இது போதாது. நூறு பாடல்களின் பொதுத்தன்மையைச் சொல்லக் கலைச்சொல் வேண்டியே இருக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| நடை | விரல் வைக்க முடியுமா | மறுக்க இடம் | பழகும் காலம் | பெரிய ஆபத்து | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| பொழிப்பு | முடியும் | இல்லை | சில நாள் | அறிவிக்காத முடிவுகள் | அறிமுகப் பத்தி, அரிய பாடல் |
| நயம் | அரிது | இல்லை | பள்ளியிலேயே பழகியது | தேய்ந்த தொடர்கள் | பள்ளித் தேர்வு, மேடை |
| உரைமரபு | மிக நன்றாக | உண்டு | ஒரு பருவமாவது | பெயர் ஒட்டிவிட்டு நகர்தல் | தமிழ்த்துறை ஆய்வு, செவ்வியல் நூல் |
| கோட்பாடு | ஆளைப் பொறுத்தது | உண்டு | ஆண்டுக்கணக்கு | எதற்கும் பொருந்தும் வாக்கியம் | ஆய்வேடு, கருத்தரங்கு |
| வினைமொழி | மிக நன்றாக | மிகுதி | எழுதி எழுதி | அகலம் போதாமை | இதழ்க் கட்டுரை, எந்த வகுப்பும் |

## ‘எனலாம்’ என்ற சிக்கல்

எந்த நடையை எடுத்தாலும் உறுதியின் அளவு என்று ஒன்று உண்டு. ‘எனலாம்’ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிப்பது அடக்கம் என்று நினைக்கிறோம். படிப்பவருக்கு அது எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்று கேட்கிறது. எதிர்ப்பக்கத்தில் ‘வெள்ளிடை மலை’, ‘ஐயத்திற்கு இடமின்றி’, ‘மறுக்க முடியாத உண்மை’ ஆகியவை ஆதாரம் இல்லாத இடத்தில்தான் அடிக்கடி வருகின்றன. ஆதாரம் இருந்தால் அதையே சொல்லிவிடலாமே.

பாடலில் உள்ள சொல்லைச் சுட்டும்போது நேரே முடியுங்கள்: ‘தான் மூன்று முறை வருகிறது.’ அதிலிருந்து பெறும் பொருளுக்கு ‘காட்டுகிறது’ போதும். இரண்டு வாசிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் ‘என்று கொள்ள இடமுண்டு’ என்று எழுதி, மற்ற வாசிப்பையும் அடுத்த வாக்கியத்தில் வையுங்கள். மற்ற வாசிப்பைச் சொல்லாமல் ‘இடமுண்டு’ என்று மட்டும் எழுதினால் அதுவும் வெறும் ‘எனலாம்’தான்.

## எந்தச் சூழலுக்கு எது

முப்பது நிமிடத்தில் எழுதும் தேர்வு என்றால் வினைமொழியை எடுத்துக்கொண்டு, உரைமரபிலிருந்து இரண்டே சொற்களை மட்டும் அழையுங்கள். கூற்றும் உம்மையும் போல உங்களுக்கு ஐயமே இல்லாத இரண்டு. முதல் ஐந்து நிமிடம் எழுதாமல், பாடலில் மீண்டும் வரும் சொல், எதிரெதிரே நிற்கும் சொல், பெயர் சொல்லாமல் சுட்டால் விட்ட இடம் மூன்றையும் வட்டமிடுங்கள். இந்தப் பாடலில் அவை ‘தான்’, ‘இல்லை–உண்டு’, ‘அது’.

தமிழ்த்துறை ஆய்வேடு என்றால் உரைமரபு அடித்தளமாக இருக்கட்டும். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் அடுத்த வாக்கியத்தில் ‘அதனால்’ என்று தொடங்க முடிகிறதா என்று பாருங்கள். ‘இங்குப் பிரிநிலை ஏகாரம் வந்துள்ளது, அதனால்...’ என்ற இடத்தில் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால், அந்தக் கலைச்சொல்லை எடுத்துவிடுங்கள்.

சமூகவியல், மகளிரியல், ஒப்பிலக்கியம் ஆகிய துறைகளுக்கு எழுதும்போது கோட்பாடு இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. கருத்து ஒன்று, வரையறை ஒரு பத்தி, பாடலுக்கு மூன்று பத்தி என்ற கணக்கை விடாதீர்கள்.

இதழுக்கோ பொது வாசகருக்கோ என்றால் கலைச்சொல் ஏதும் இல்லாமல் ஒரு முறை முழுதும் எழுதிப் பாருங்கள். எழுதும்போது எந்த இடத்தில் சுற்றிச் சுற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறதோ, அந்த இடத்துக்குத்தான் ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. இந்தப் பாடலில் அப்படி நிற்கும் இடம் ‘குருகும்’ என்ற சொல்லின் இறுதியில் உள்ள ‘உம்’.